விற்பனைப் பெண்ணிடம் பேசும் பேச்சு

வாடிக்கையாளரைக் குறித்துக் காந்தியடிகள் பெயரால் ஒரு வாசகம் எத்தனையோ கடைகளின் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவர் நம்மை நம்பி இல்லை, நாமே அவரை நம்பி இருக்கிறோம் என்பது அதன் சாரம். அது காந்தியடிகள் சொன்னதுதான் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று தேடிப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். யார் சொன்னதாயினும் இருக்கட்டும். அந்தப் பலகையின் கீழே நாள் முழுவதும் நிற்கும் பெண்ணிடம் வாங்க வருகிறவர் என்ன பேசுகிறார் என்பதையே இங்கு எழுத விரும்புகிறோம். இப்பள்ளியில் படித்து, இன்று ஜவுளிக்கடையிலும் மருத்துவமனையிலும் உணவு விடுதியிலும் வேலை பார்க்கும் பழைய மாணவியர் நாங்கள். இங்கே படிக்கும் தங்கையருள் பலர் நாளை இதே வேலைகளுக்கு வரக்கூடும். மற்றவர்கள் வாங்குகிறவர்களாக வருவீர்கள்.

வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் 2010-இல் வந்தபின், கடையில் வேலை செய்வோரின் கால்வலியும் கண்காணிப்பாளரின் கெடுபிடியும் பலருக்குத் தெரியவந்தன. வாங்க வருகிறவரின் நாக்கைப் பற்றி இன்னும் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஏச்சு என்றால் எல்லார் காதிலும் விழும், நாலுபேர் தட்டியும் கேட்பார்கள். நாங்கள் கேட்பதோ பெரும்பாலும் விசாரிப்புப் போலவும் அக்கறை போலவும் வருகிறது.

புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டுவது எங்கள் வேலை. “நீ போட்டா கலரே எடுபடலை, அந்தச் செவத்தப் புள்ளையைக் கூப்பிடு” என்பார் ஒரு தாயார். அவர் குரலில் கோபம் துளியும் இராது. பக்கத்திலேயே அவருடைய பத்து வயது மகள் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இன்னொருவர் எந்த ஊர் என்பார். ஊர்ப் பெயரைச் சொன்னால், “ஊருக்குள்ளயா, காலனியா?” என்று அடுத்த கேள்வி வரும். அவர் முகவரி கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர் நெற்றியில் பொட்டில்லாததைப் பார்த்துவிட்டு, “வேதக்காரப் பிள்ளையா? நல்ல காரியத்துக்கு எடுக்கிறோம், வேற ஆளை வரச் சொல்லும்மா” என்பார். ‘சொல்லும்மா’ என்ற மரியாதைக்குக் குறைவில்லை!

இதைப் படிக்கும் கத்தோலிக்கப் பெற்றோருக்கு நெஞ்சு சுடும். ஆனால் கல்லாவில் முக்காடிட்ட பெண் இருப்பதைக் கண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொள்ளும் நம்மவரையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். மேசை துடைக்கும் பீகார்ப் பையனை “ஏ வடக்கா” என்று கூப்பிட்டுவிட்டு, அவனுக்குத் தமிழ் தெரியாது என்று நிம்மதி கொள்கிறவர்களும் உண்டு. கூப்பிடும் தொனி அவனுக்கு நன்றாகவே விளங்குகிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும்? பொறுத்துப்போ என்பதே எல்லாரும் தரும் அறிவுரை. ஞாயிறு மறையுரை கேட்டு வளர்ந்த எங்களுக்கு மறு கன்னம் உடனே நினைவுக்கு வரும். அந்தப் போதனை பெரியது, அதை மறுக்க நாங்கள் யார்? ஆயினும் அதைச் சொன்னவரே தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது என்ன செய்தார் என்பதையும் யோவான் நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். திருப்பி அடிக்கவில்லை, சாபமிடவில்லை. ஆனால் வாய்மூடியும் இருக்கவில்லை. தாம் பேசியதில் தவறிருந்தால் காட்டும்படியும், இல்லையெனில் ஏன் அடித்தாய் என்றும் கேட்டார். பொறுமை என்றால் பேசாதிருத்தல் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறவர்கள் இந்த இடத்தை ஏனோ விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

கேட்பது என்றால் சண்டையிடுவதன்று. “அம்மா, இந்தப் புடவையைப் பற்றிக் கேளுங்க, சொல்றேன்” என்று குரல் உயராமல் சொல்லிவிட்டு அடுத்த மடிப்பைப் பிரிப்பது எங்களுள் ஒருத்தி கண்டுபிடித்த வழி. ஊரா காலனியா என்பவரிடம், “கடைக்குப் பக்கத்து விடுதியிலதான் இருக்கேன்” என்பாள் இன்னொருத்தி. நூற்றுக்கு நூறு உண்மையான பதில். கேட்டவருக்குப் பயன்படாத பதிலும்கூட. ஆனால் இவையெல்லாம் கெட்டிக்காரிகளின் சமாளிப்புகள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாளே ஆன, வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு நாக்கு எழாது. அவளிடம் சாமர்த்தியத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆகவே பதில் சொல்லவேண்டிய கடமை முதலில் கடைக்காரருடையது என்பது எங்கள் உறுதியான கருத்து. நடப்பது என்ன? வாடிக்கையாளர் முகம் சுளித்தவுடன் மேற்பார்வையாளர் ஓடிவந்து, “நீ அந்தப் பக்கம் போ” என்று இவளை அனுப்பிவிட்டு, கேட்ட நிறத்தில் கேட்ட மதத்தில் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பார்வைக்கு இது எளிய தீர்வு. உண்மையில் கடையில் புடவையோடு சேர்த்துப் பாகுபாடும் ஒரு சரக்காக விற்கப்படுகிறது. விற்பனைக்கேற்ப ஊக்கத்தொகை தரும் கடையாயிருந்தால், அனுப்பப்பட்டவள் அந்தப் பணத்தையும் இழக்கிறாள். வசவும் அவளுக்கு, நட்டமும் அவளுக்கு.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2019 ஜூலையில், உணவு கொண்டுவருபவர் இந்து அல்லர் என்பதால் ஆளை மாற்றுங்கள் என்று ஜபல்பூரில் ஒருவர் கேட்டபோது, சொமாட்டோ நிறுவனம் மறுத்துவிட்டது. தன் கொள்கைக்குக் குறுக்கே வரும் வியாபாரம் போவதில் தமக்கு வருத்தமில்லை என்று அதன் தலைவர் தீபிந்தர் கோயல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு தொலைபேசி நிறுவனத்திடம், எனக்குப் பதில் சொல்ல இந்து ஊழியரே வேண்டும் என்று ஒரு பெண்மணி கேட்க, வேறு பெயருள்ள ஊழியர் உடனே வந்து பதிலளித்தார். ஊரார் கண்டித்த பிறகே தாங்கள் பேதம் பார்ப்பதில்லை என்று அந்த நிறுவனம் விளக்கம் தந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பழக்கம் அப்படி இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவது!

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதி மதம் முதலியவற்றைக் காட்டி எவரையும் கடைக்குள்ளும் உணவு விடுதிக்குள்ளும் வரவிடாமல் தடுக்கலாகாது என்கிறது. விற்பவர் வாங்குகிறவரை ஒதுக்கிய காலத்தை மனத்தில் வைத்து எழுதியது அது. வாங்குகிறவர் விற்பவளை ஒதுக்கினால் என்ன செய்வது? பட்டியல் இனத்தாரைப் பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவோ ஒரு படி மேலே போய், பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாரிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. வெளியாருக்கும் முதலாளியே பொறுப்பு என்ற அந்த ஒரு கருத்து எங்களுக்கு மிகவும் பிடித்தது. நிறத்தையும் மதத்தையும் பற்றிய பேச்சுக்கும் அதே பொறுப்பை ஏற்க எந்தக் கடைக்காரருக்கும் சட்டம் தடையாயில்லை.

பேசினால் நடக்குமா என்று ஐயுறுவோர்க்கு முக்காலியின் கதையைச் சொல்லலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டினது. வேலையாட்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்ற திருத்தம் 2021-இல்தான் வந்தது. கேரளத்தில் அது 2018-இலேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி. விஜியும் அவருடைய தோழியரும் ‘பெண்கூட்டு’ என்று சேர்ந்து, கழிவறை இல்லை, உட்கார விடுவதில்லை என்பதை வெட்கப்படாமல் தெருவில் வந்து சொன்னதே அதற்குக் காரணம். அதற்கு முன்னும் அந்தப் பெண்களுக்குக் கால்வலி இருந்தது. யாரும் சொல்லாததால் அது செய்தியாகவில்லை.

கடைக்காரருக்கு அடுத்தபடியாகப் பொறுப்புள்ளவர், பக்கத்தில் நின்று புடவை பார்க்கும் இன்னொரு வாடிக்கையாளர். இவரைத்தான் நாங்கள் பெரிதும் நம்புகிறோம். முதலாளிக்கு வியாபாரம் போய்விடுமோ என்ற அச்சம், எங்களுக்கு வேலை போய்விடுமோ என்ற அச்சம். இவருக்கு இழக்க ஒன்றுமில்லை. “ஏங்க, அந்தப் பொண்ணு நல்லாத்தானே காட்டுது” என்று அவர் சொன்னால் அந்த இடமே மாறிவிடும். வருபவர் தாயாகவோ பெரியம்மாவாகவோ இருந்தாலும், கூட வந்த பள்ளிப் பெண் மெல்லக் கையைப் பிடித்து, “இந்த அக்காவே காட்டட்டும்மா” என்று சொல்லலாம். பிள்ளைகள் சொல்லிக் கேட்கும் தாய்மார் நாம் நினைப்பதைவிட அதிகம்.

கிறிஸ்துமஸ் துணி எடுக்க டிசம்பரில் எல்லாரும் கடைக்குப் போவீர்கள். கூட்டத்தில், காட்டியவள் ஒருத்தியாகவும் பில்லில் எண் விழுவது வேறொருத்தியுடையதாகவும் ஆவது சாதாரணம். எடுத்துக் காட்டிய பெண்ணின் எண்ணை அவளிடமே கேட்டு, அது பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தபின் பணத்தைக் கட்டுங்கள்.