வெளுத்ததெல்லாம் பாலாகுமா?

நம் நண்பர் ஒருவர் சித்திரை விடுமுறையிலே குடும்பத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குத் தமது காரிற் புறப்பட்டார். மாத்தளையைக் கடந்து ஏற்றம் தொடங்கியதும் வெப்பமானியின் முள் மேலேறலாயிற்று. வழியோரக் கடையொன்றிலே வண்டியை நிறுத்திச் சூடாறிய பின் பார்த்தார். ரேடியேற்றருக்குரிய சிறு தாங்கியில் இளஞ்சிவப்புத் திரவம் அடிமட்டத்திற் கிடந்தது. கடையிலிருந்ததோ பச்சைத் திரவம். "எல்லாம் ஒன்றுதான் ஐயா" என்று கூறி அதனையே ஊற்றினர். போதாததற்குக் கிணற்று நீரையும் வார்த்தனர். பயணம் இனிதே முடிந்தது. ஆவணி மாதத்திலே மறுபடியும் முள் ஏற, தாங்கியைத் திறந்து பார்த்தபோது தேநீர் நிறத்திலே சேறு படிந்திருந்தது. ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவுவதற்கும் நீர்ப்பம்பியை மாற்றுவதற்கும் அவருடைய ஒரு மாதச் சம்பளம் போதவில்லை.

எல்லாம் ஒன்றுதானா? கார் வைத்திருப்போரும், இரசாயனம் கற்கும் மாணவரும் அறிய வேண்டிய செய்தி இதிலே உண்டு.

எரிபொருளிற் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகின்றது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். எஞ்சியதிற் பெரும்பகுதியை இயந்திரத்தினின்றும் அகற்றுவதே நாம் 'கூலன்ற்' என்று வழங்கும் திரவத்தின் கடன். வெப்பத்தைச் சுமப்பதில் நீர் மிகச் சிறந்தது. ஆயினும் தனி நீர் 100 பாகையிற் கொதிக்கும், உலோகத்தையும் அரிக்கும். ஆகவே அதனோடு எதிலீன் கிளைக்கோல் என்னும் சேதனப் பொருளைச் சேர்க்கின்றனர். இதனைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் வூர்ட்ஸ் 1856ஆம் ஆண்டளவில் முதன்முதலாக ஆக்கினார். இரண்டையும் சம பங்காகக் கலந்தால் அக்கலவை சதம அளவையில் பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகை வரையில் உறையாது. ஏறத்தாழ 107 பாகை வரையிற் கொதிக்காது. ரேடியேற்றர் மூடி உள்ளே அமுக்கத்தைக் காப்பதனால், கொதிநிலை 125 பாகைக்கு மேலும் உயரும்.

நுவரெலியாவிலே தை மாத விடியலிற் புல்நுனியில் உறைபனி காண்பதன்றி, நீர் உறையும் குளிர் நம் நாட்டில் ஏது? அவ்வாறிருக்க, உறைதலைத் தடுக்கும் திரவம் நமக்கு எதற்கு என்று சிலர் வினவுவர். கொதிநிலையை உயர்த்துவது ஒரு காரணம். அரிப்பைத் தடுப்பது அதனினும் பெரிய காரணம். பழைய வண்டிகளில் இயந்திரம் வார்ப்பிரும்பாலும், ரேடியேற்றர் செம்பாலும் பித்தளையாலும் ஆனவை. இக்கால வண்டிகளிலோ உருளைத் தலையும் ரேடியேற்றரும் பெரும்பாலும் அலுமினியமே. சூடான நீருக்கு அலுமினியம் எளிதிற் பலியாகும். கிளைக்கோலும் நாட்பட நாட்பட வெப்பத்தாற் சிதைந்து அமிலமாக மாறும். இவற்றைத் தடுக்கும் பொருட்டுத் திரவத்திலே சிறிதளவு காப்புப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. பல திரவங்களுக்கும் கிளைக்கோல் பொதுவானதே. வேற்றுமையெல்லாம் இக்காப்புப் பொருள்களிலேயே உள்ளது.

அவை மூவகைப்படும். முதலாவது, சிலிக்கேற்று, பொசுபேற்று முதலிய அசேதன உப்புக்களைக் கொண்ட பழைய வகை. சுவர் முழுவதற்கும் சுண்ணாம்பு பூசுவதுபோல, இது உலோகம் முழுவதிலும் விரைவாக ஒரு படலத்தைப் படரவிடும். ஆனால் விரைவிலே செலவாகிவிடும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டும். இரண்டாவது, சேதன அமில வகை. இது சுவரில் வெடிப்புக் கண்ட இடத்தை மட்டும் பூசுவது போன்றது. அரிப்புத் தொடங்கும் இடத்திலே மட்டும் தொழிற்படுவதால், ஐந்து ஆண்டுகள் வரையிலும் அதற்கு மேலும் உழைக்கும். மூன்றாவது, இவ்விரண்டும் கலந்த கலப்பு வகை. இதிலும் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஐரோப்பியர் தங்கள் நாட்டு வன்னீரிலே பொசுபேற்று படிவாகும் என அஞ்சி, அதை நீக்கிச் சிலிக்கேற்றைச் சேர்த்தனர். யப்பானியரோ சிலிக்கேற்று நீர்ப்பம்பியின் அடைப்பைத் தேய்க்கும் என அஞ்சி, அதை விலக்கிப் பொசுபேற்றைச் சேர்த்தனர்.

இவற்றைக் கலந்தால் என்ன நேரும்? பல வேளைகளிற் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காப்பு நலிந்து, திரவத்தின் ஆயுள் குறுகும். சில வேளைகளிற் கரைந்திருந்த உப்புக்கள் பிரிந்து, கூழாகவும் சேறாகவும் ரேடியேற்றரின் நுண்குழாய்களை அடைக்கும். நிறத்தைப் பார்த்து இனத்தை அறியவும் இயலாது. நிறம் வெறும் சாயம். அதற்குச் சர்வதேச விதியேதும் இல்லை. தொயோற்றா நிறுவனத்தின் செந்நிறத் திரவத்திலே பொசுபேற்று உண்டு. வொக்ஸ்வாகன் நிறுவனம் 1990களிலே 'ஜி 12' என்னும் பெயரிற் கொணர்ந்த செந்நிறத் திரவத்திலோ பொசுபேற்றும் இல்லை, சிலிக்கேற்றும் இல்லை. இரண்டும் சிவப்பே, ஆயினும் இரண்டும் வேறு. வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தார்க்கு இன்னுமோர் எச்சரிக்கை வேண்டும். நமது நிலம் சுண்ணக்கல். நமது கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியிலே வெண்படிவைக் காணாத இல்லத்தரசியர் இங்கு இலர். நம் வீதிகளில் ஓடுவனவோ பெரும்பாலும் யப்பானிய வண்டிகள். பொசுபேற்று உள்ள அத்திரவத்திலே இந்நீரை வார்ப்பது, ஐரோப்பியர் அஞ்சி விலக்கியதையே நாம் வலிந்து செய்வதாகும்.

ஆகவே செய்யத்தக்கன இவை. வண்டியின் கைந்நூல் கூறும் வகையையே வாங்குக. போத்தலின் நிறத்தைப் பாராது, அதில் எழுதியிருப்பதை வாசிக்க. செறிவான திரவமாயின் சம அளவு காய்ச்சி வடித்த நீர் சேர்க்க; முன்னரே கலந்ததாயின் நீர் சேர்க்க வேண்டா. வழியிலே குறை நேர்ந்து, உரிய வகை கிடைக்காவிடில், இனந்தெரியாத திரவத்திலும் காய்ச்சி வடித்த நீர் சிறிதளவு வார்ப்பதே மேல். ஊர் திரும்பியதும் சரிசெய்து கொள்ளலாம். தவறிக் கலந்துவிட்டால், முழுவதையும் வடித்துக் கழுவிப் புதிதாக நிரப்புக. திரவம் அடிக்கடி குறையுமாயின் எங்கேயோ ஒழுக்கு உண்டென அறிக. இயந்திரம் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. அமுக்கம் நீங்கியதும் கொதித்தெழும் திரவம் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

தாய்மார்க்கு ஒரு சொல். எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது, ஆனால் நஞ்சு. உடலினுள்ளே அது ஒட்சாலிக்கமிலமாக மாறி, கல்சியத்தோடு சேர்ந்து பளிங்காகிச் சிறுநீரகத்தை அழிக்கும். முதலில் வெறிகொண்டவர்போன்ற தள்ளாட்டமே தோன்றும். அதனால் ஆபத்து மறைந்திருக்கும். மாற்று மருந்து உண்டு. ஆனால் அது காலந்தாழ்த்தாது கொடுக்கப்பட வேண்டும். குழந்தை சிறிது குடித்ததென ஐயுற்றாலும், குறிகள் தோன்றும் வரை காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. எஞ்சிய திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே விடுக. வடித்த பழைய திரவத்தைக் கோடியிலே கொட்டுவதும் தகாது. சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே அது கிணற்றைச் சேரக்கூடும்.

நண்பரின் கார் இப்பொழுது நன்றாக ஓடுகின்றது. திரவத்தின் பெயரையும் மாற்றிய திகதியையும் ஒரு சிறு தாளில் எழுதி, இயந்திர மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கின்றார். வண்டியுள்ள வாசகர்கள் நாளைக் காலை, இயந்திரம் குளிர்ந்திருக்கும் வேளையிலே, தங்கள் தாங்கியை ஒருமுறை பார்த்து அவ்வாறே எழுதி வைப்பார்களாக.