பெட்டியில் 3,000... கையில் எவ்வளவு?

குட்டீஸ்... விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் எவ்வளவு தூரம்? ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காரின் ஸ்பீடாமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். 180 வரை எண் போட்டிருக்கும். அந்த வேகத்தில் போனால், 13 நிமிடம் 20 வினாடியில் திண்டிவனம் போய்விடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஆனால், அப்படி யாராவது போனதுண்டா? ஊருக்குள் நெரிசல், குறுக்கே மாடு, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை எல்லாவற்றையும் கடந்து போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகிறது. ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லவில்லை. அது காரைப் பற்றிச் சொல்கிறது. சாலையைப் பற்றிச் சொல்லவில்லை.

வைஃபை ரவுட்டர் வருகிற அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போடும் எண்ணும் இதே ரகம்தான். இப்போது கடைகளில், 'வைஃபை 7' வந்துவிட்டது. அடுத்து, 'வைஃபை 8' தயாராகிறது. 'புதுசு வாங்கிக் கொடு' என்று அப்பாவிடம் அடம் பிடிக்கும் முன், அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

வைஃபைக்கான விதிமுறைகளை எழுதுவது, 'ஐ ட்ரிபிள் இ' என்ற பொறியாளர்களின் உலக அமைப்பு. 1997ல் முதல் விதிமுறை வந்தபோது வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். 1999ல் 11, 2003ல் 54, 2009ல் 600 என ஏறிக்கொண்டே போனது. வைஃபை 7ஐ எழுதத் தொடங்கும்போதே, வினாடிக்கு 30 ஜிகாபிட்டாவது எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொண்டனர். ஒரு ஜிகாபிட் என்பது 1,000 மெகாபிட். கேட்கவே தலை சுற்றுகிறது அல்லவா?

முதலில், 'பிட்' வேறு, 'பைட்' வேறு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். இணைய வேகத்தை பிட்டில் சொல்வார்கள். பாடப்புத்தகக் கோப்பின் அளவை பைட்டில் சொல்வார்கள். 100 மெகாபிட் இணைப்பு என்றால், வினாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். இது ஏமாற்று வேலை இல்லை. ஆனாலும், பிட்டில் சொன்னால் எண் பெரிதாகத் தெரியும் என்பது விற்பவருக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்து, கூட்டல். கடையில், 'ஏஎக்ஸ் 3000' என்று ஒரு ரவுட்டர் இருக்கும். அது இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும். ஒன்றில் 574 மெகாபிட், இன்னொன்றில் 2,402. இரண்டையும் கூட்டினால் 2,976. அதையும் முழுசாக்கி, 3000 என்று போட்டுவிடுகின்றனர். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் பேசும். இரண்டு பேருந்துகளின் வேகத்தைக் கூட்டி, 'மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போனேன்' என்று நீங்கள் சொன்னால், நண்பர்கள் சிரிக்க மாட்டார்களா? (இரண்டு அலைவரிசைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் வசதி வைஃபை 7ல் வந்திருக்கிறது. அதற்கு உங்கள் போனும் வைஃபை 7 போனாக இருக்க வேண்டும்.)

மூன்றாவது, காற்றில் நடக்கிற கூத்து. வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன புரியும்? வைஃபையிலும் அப்படித்தான். ஒரு தடத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். முன்பு பதிவுத் தபால் கொடுத்துவிட்டுத் தபால்காரர் கையெழுத்து வாங்கினாரே, அதுபோல ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும், 'வந்து சேர்ந்தது' என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். காத்திருப்பதற்கும் கையெழுத்துக்கும் போவது, பெட்டியில் எழுதிய வேகத்தில் ஒரு பெரும் பங்கு. இடையில் இரண்டு செங்கல் சுவர் இருந்தால் இன்னும் குறையும்.

செல்போன் உலகத்தில் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றனர். 5ஜிக்கு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் விதித்த தேவைகளில் இரண்டு எண்கள் உண்டு. உச்ச வேகம் வினாடிக்கு 20 ஜிகாபிட். நெரிசலான நகரத்தில் ஒருவர் அனுபவிக்கும் வேகம் 100 மெகாபிட். முதல் எண் இரண்டாவதைப் போல 200 மடங்கு! விளம்பரத்தில் எது வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, காற்றில் எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சுங்கச்சாவடி உண்டு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைக்கும் பாதை பிரியும் விழுப்புரம் சந்திப்பு போன்ற ரயில் நிலையங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலைய வைஃபைக்கு, 'ரயில்டெல்' 2021ல் அறிவித்த ஏற்பாடு என்ன தெரியுமா? தினமும் 30 நிமிடம் இலவசம். வேகம் 1 மெகாபிட். அதற்கு மேல் வேண்டுமானால் காசு. 15 மெகாபைட் பாடப்புத்தகத்தை இறக்க, 15ஐ 8ஆல் பெருக்கினால் 120 வினாடி. அதாவது 2 நிமிடம். உங்கள் கையில் இருப்பது வைஃபை 7 போனாக இருந்தாலும் அதே 2 நிமிடம்தான்! பாதையில் எந்த இடம் குறுகலோ, அதுதான் வேகத்தை முடிவு செய்கிறது.

பள்ளியிலும் பாருங்கள். 100 மெகாபிட் இணைப்பை 40 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், ஆளுக்கு 2.5 மெகாபிட். நம் நாட்டில் 'பிராட்பேண்ட்' என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சத் தகுதி 2004ல் 256 கிலோபிட்டாக இருந்தது; 2023ல் அதை 2 மெகாபிட்டாக உயர்த்தினர். அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேலேதான் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றனர். இங்கே வைஃபை 7 ரவுட்டர் மாட்டி என்ன பயன்? வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழைக் கேபிளின் வேகத்தைக் கூட்டினால்தான் பயன்.

வைஃபை 7க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் அகலமான தடம், 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இருக்கிறது. அமெரிக்கா 2020லேயே அதில் 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நம் அரசு 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதியில் சொன்னது 500 மெகாஹெர்ட்ஸ். அகலத் தடம் ஒன்றுக்கு 320 வேண்டும். அப்படியானால், 500ல் எத்தனை தடம் போடலாம்? ஒன்றே ஒன்று.

இனி வைஃபை 8. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2028ல் முடிவாகும் என எதிர்பார்க்கப்படும் இந்த விதிமுறையில், உச்ச வேகத்தை உயர்த்துவது நோக்கமே இல்லை! சிக்னல் பலவீனமான இடத்திலும் 25 சதவீதம் கூடுதலாகத் தகவல் போக வேண்டும். மோசமான நேரத்துத் தாமதம் 25 சதவீதம் குறைய வேண்டும். வழியில் தொலையும் பொட்டலங்களும் 25 சதவீதம் குறைய வேண்டும். இவைதான் இலக்கு. பக்கத்து வீட்டு ரவுட்டரும் உங்கள் வீட்டு ரவுட்டரும் ஒன்றையொன்று கத்தி அடக்காமல், முறை வைத்துப் பேசவும் வழி செய்கின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணைத் துரத்தியவர்கள், இப்போது, 'அறுந்து போகாமல் வந்து சேருகிறதா?' என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றனர்.

அந்தக் கேள்வியின் அருமை நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் அபாய அளவைத் தாண்டி வெள்ளம் ஓடியதால் ரயில்கள் நின்றன. பல ஊர்களில் மின்சாரம் இல்லை. 'நாங்கள் நலம்' என்ற செய்திக்கு ஒரு மெகாபிட்கூட வேண்டாம். அது போய்ச் சேர்ந்தால் போதும். வைஃபை 8 வந்தாலும் மின்சாரம் போனால் ரவுட்டர் அணைந்துதான் போகும். அதற்கு பேட்டரிதான் வழி.

வீட்டில் இணைப்பு இருந்தால், இன்று மாலை ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டர் பக்கத்தில், அடுத்த அறையில், மாடியில் என மூன்று இடங்களில் நின்று வேகத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். இரவு 9 மணிக்கு மறுபடி அளங்கள். மொபைல் டேட்டாவில் செய்ய வேண்டாம். ஒவ்வொரு சோதனையும் நிறைய டேட்டாவை விழுங்கிவிடும். ரவுட்டர் பக்கத்தில் நல்ல வேகம், மாடியில் மட்டும் குறைவு என்றால், அது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்து, நடு வீட்டில் உயரமாக வையுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.