ரன் ஆயிடுச்சுன்னா சரின்னு அர்த்தமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. நம்ம ஏரியா எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் ஓசூர் சிப்காட், இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி, நடுவில் சூளகிரி. திரும்பின பக்கமெல்லாம் சிஎன்சி மெஷின் ஓடுது. அதனால மெஷினிலிருந்து டேட்டா எடுத்து டாஷ்போர்டில் காட்டுற ப்ராஜெக்ட் இந்த வருஷமும் நிறைய வரும். வரட்டும், நல்லதுதான்.

ஆனா அந்த ப்ராஜெக்ட்களில் யாரும் கவனிக்காத ஒரு இடம் இருக்கு. டாஷ்போர்டை பைத்தானிலோ சி ஷார்ப்பிலோ எழுதுவோம். மெஷினோடு பேசுற லைப்ரரி சி-யில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து வரி கோடு. அதை எங்கிருந்தோ காப்பி பண்ணி, ஓடுதான்னு பார்த்து, ஓடினதும் மறந்துடுறோம். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். எந்த டைப் உள்ளே போகுது, எந்த டைப் வெளியே வருதுன்னு எழுதாம சி ஃபங்ஷனைக் கூப்பிடுற கோடை, அது சரியான அவுட்புட் காட்டினாலும், ரிவ்யூவில் ஏத்துக்கக் கூடாது.

ரொம்ப ஸ்ட்ரிக்ட்டா பேசுறேன்னு தோணுதா? காரணத்தைப் பாருங்க.

பைத்தானில் சிடைப்ஸ் இருக்கு. 2006-ல் வந்த 2.5 வெர்ஷனிலிருந்தே பைத்தானோடு சேர்ந்தே வருது. தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டாம், கம்பைலர் வேண்டாம், டிஎல்எல் ஃபைல் இருந்தா போதும். அந்த வசதிக்குள்ளேதான் சிக்கலும் இருக்கு. டிஎல்எல்லுக்குள் ஃபங்ஷனோட பெயரும் அட்ரஸும் இருக்கும். எத்தனை ஆர்க்யுமென்ட், என்ன டைப், என்ன திரும்பி வரும் என்பதெல்லாம் ஹெடர் ஃபைலில்தான் இருக்கும். சிடைப்ஸ் ஹெடரைப் படிக்காது. நீங்க சொல்லலைன்னா, திரும்பி வர்றது இன்ட்னு அதுவே முடிவு பண்ணிடும்.

சி-யில் இருக்கிற ஏடாஃப் ஃபங்ஷனை எடுத்துக்குவோம். "12.5" என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்தா 12.5 என்ற டபுளைத் தரும். ரெஸ்டைப் எழுதாம லினக்ஸ் லேப்டாப்பில் கூப்பிட்டுப் பாருங்க. சம்பந்தமே இல்லாத ஒரு முழு எண் வரும். 12.5-ஐ 12-ன்னு வெட்டிக் கொடுத்திருந்தாக்கூட பரவாயில்லை, அதுவும் நடக்காது. 64-பிட் இன்டெல் ப்ராசஸரில் தசம எண் திரும்பி வர்ற ரெஜிஸ்டர் வேற, முழு எண் திரும்பி வர்ற ரெஜிஸ்டர் வேற. ஏடாஃப் தன் பதிலை ஒரு டப்பாவில் வெச்சுட்டுப் போச்சு. பைத்தான் வேற டப்பாவைத் திறந்து, அங்கே ஏற்கனவே கிடந்ததை எடுத்துட்டு வந்துச்சு. எரர் மெசேஜ் எதுவும் கிடையாது.

பாயின்டர் இன்னும் மோசம். 64-பிட் அட்ரஸை இன்ட்டா எடுத்துக்கிட்டா மேல் 32 பிட் போயிடும். சின்ன அட்ரஸா இருந்தா தப்பிச்சுடுவீங்க. பெரிய அட்ரஸ் வர்ற அன்னிக்கு ப்ரோக்ராம் செகமென்டேஷன் ஃபால்ட்டில் விழும். அது டெமோ அன்னிக்குத்தான் நடக்கும்னு தனியா சொல்லணுமா?

"சரி, டைப் எழுதிட்டேன். ஹெடரில் லாங்னு இருக்கு, நானும் லாங்னு போட்டுட்டேன்" என்பீங்க. அடுத்த பள்ளம் அங்கேதான். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். நாம மனைன்னு சொன்னா காலி இடம், ப்ளாட். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினா, கன்னடத்தில் மனெ என்பது குடியிருக்கிற வீடு. காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே சொல். எந்தப் பக்கத்து அர்த்தம்னு கேட்காம அட்வான்ஸ் கொடுப்பீங்களா?

லாங் அந்த மாதிரி ஒரு சொல். 64-பிட் லினக்ஸ் சி-யில் அது 8 பைட். 64-பிட் விண்டோஸ் சி-யில் 4 பைட். ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் எந்த மெஷினிலும் 8 பைட். பழைய விஷுவல் பேசிக் 6-ல் 4 பைட், அதுக்கப்புறம் வந்த விபி டாட் நெட்டில் 8 பைட். இந்தக் குழப்பத்துக்காகவே மைக்ரோசாஃப்ட் 2021-ல் டாட் நெட் 6-ல் சிலாங்னு ஒரு தனி டைப்பே கொண்டு வந்துச்சு.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஃபனுக் கன்ட்ரோலர் போட்ட மெஷினை இன்டர்ன்ஷிப் போன இடத்தில் பார்த்திருப்பீங்க. அதோடு கம்ப்யூட்டர் பேசுறதுக்கு ஃபனுக் கொடுக்கிற லைப்ரரி ஃபோகாஸ். அது ஒரு சி லைப்ரரி. டூல் இப்போ எந்தப் பொசிஷனில் நிக்குதுன்னு கேட்க அதில் ஒரு ஃபங்ஷன் இருக்கு. பதில் ஒரு ஸ்ட்ரக்சரில் வரும். முதலில் இரண்டு ஷார்ட், அப்புறம் ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் ஒரு லாங். விண்டோஸில் அந்த லாங் 4 பைட். அப்படின்னா முதல் 4 பைட்டில் இரண்டு ஷார்ட், 4-வது இடத்திலிருந்து எக்ஸ், 8-லிருந்து ஒய், 12-லிருந்து இசட்.

இதை சி ஷார்ப்பில் அப்படியே லாங்னு டைப் பண்ணிட்டா என்ன ஆகும்? 8 பைட் லாங், வேற எதுவும் சொல்லாம விட்டா, 8-ஆல் வகுபடுற இடத்தில்தான் ஆரம்பிக்கும். அதனால முதல் லாங்கே 8-வது இடத்திலிருந்து படிக்கும். எக்ஸ் மொத்தமா காணாம போயிடும். எக்ஸ் என்ற பெயரில் வர்றது ஒய்-யும் இசட்டும் ஒட்டின ஒரு எண். பல நேரம் அது பூதாகரமான எண்ணா இருக்கும், ஏதோ தப்புன்னு தெரிஞ்சுடும். ஆனா இசட் பூஜ்யத்தில் நின்னு, ஒய் பாசிட்டிவ்ல இருக்கிற நேரத்தை யோசிச்சுப் பாருங்க. ஒய்-யோட அளவு சுத்தமா, எந்தச் சந்தேகமும் வராதபடி, எக்ஸ் என்ற பெயரில் டாஷ்போர்டில் நிக்கும். 12345-ன்னு வந்ததை ஆயிரத்தால் வகுத்து 12.345 மில்லிமீட்டர்னு கிராஃபும் போட்டுடுவோம். பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

காலேஜுக்குள்ளேயே இருந்தா மார்க்கோடு போயிடும். ஆனா மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கிற ஊர் இது. இதே பழக்கத்தோட நாம வேலைக்குப் போய், இப்படி ஒரு டேட்டாவை நம்பி "ஆபரேட்டர் செட்டிங் தப்பு"ன்னு ரிப்போர்ட் போச்சுன்னு வைங்க. கேள்வி கோடு எழுதின நம்ம மேல வராது. ஷிஃப்ட்டில் நின்ன கான்ட்ராக்ட் அண்ணன் மேலதான் போகும். அவர்கிட்ட ஹெடர் ஃபைல் கிடையாது, நம்மகிட்ட இருக்கு.

மெஷின் பக்கமே போகாத டீமுக்கும் இது பொருந்தும். இன்ட் அர்ரே எதிர்பார்க்கிற சி ஃபங்ஷனுக்கு, 1, 2, 3 உள்ள நம்பை அர்ரேயை டைப் சொல்லாம உருவாக்கி அனுப்புறீங்கன்னு வைங்க. 64-பிட் லினக்ஸில் அதில் ஒவ்வொரு எண்ணும் 8 பைட். சி பக்கம் 4 பைட்டா படிக்கிறதால 1, 0, 2-ன்னு தெரியும். விண்டோஸில் 4 பைட்டா இருந்ததால சரியா ஓடிட்டு இருந்துச்சு. 2024-ல் நம்பை 2.0 வந்து 64-பிட் விண்டோஸிலும் 8 பைட் ஆக்கிடுச்சு. உங்க கோடில் ஒரு எழுத்து மாறலை, விடை மட்டும் மாறிடும். "சீனியருக்கு ஓடுச்சு" என்பதை நான் நம்பாததுக்கு இதுதான் காரணம்.

1996 ஜூன் 4-ம் தேதி ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம் ஆகுறதுக்குள்ள சிதறின கதையை ஏதாவது ஒரு பிபிடியில் பார்த்திருப்பீங்க. 64-பிட் தசம எண்ணை 16-பிட் முழு எண்ணுக்குள் அடைக்கப் பார்த்த கோடு அது, ஏரியன் 4-ல் ஒழுங்கா ஓடின கோடு. அங்கேயாவது அடா மொழி "இது அடங்காது"ன்னு எக்செப்ஷன் கொடுத்துச்சு. அதைப் பிடிக்க ஏற்பாடு இல்லாம போச்சு. நாம பேசிட்டு இருக்கிற விஷயத்தில் அந்த எக்செப்ஷன்கூட வராது.

"ஏஐ-கிட்ட கேட்டா எழுதித் தருமே" என்பாங்க. தரும். ஆனா உங்க லேப்டாப்பில் இருக்கிற வெர்ஷனோட ஹெடரை நீங்க காட்டாம, அது எதை வெச்சு எழுதுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? "சிஎஃப்எஃப்ஐ, பைபைண்ட் மாதிரி டூல் இருக்கே"ன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. தாராளமா யூஸ் பண்ணுங்க. ஆனா சிஎஃப்எஃப்ஐ-யிலும் கம்பைல் பண்ற மோடில் மட்டும்தான் கம்பைலர் சரிபார்க்கும். இன்னொரு மோடில் நீங்க பேஸ்ட் பண்ணினதை அப்படியே நம்பிடும்.

தப்பு முழுக்க ஸ்டூடன்ட்ஸ் மேலன்னு நான் சொல்லலை. அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷனில் எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் முதல் செமஸ்டரில் பைத்தான் இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இரண்டாவது செமஸ்டரில் சி. இரண்டும் சந்திக்கிற எல்லையை யாரும் காட்டுறதில்லை. லேபில் இதுக்கு ஒரே ஒரு எக்ஸர்சைஸ் வெச்சா போதும்.

அது வர்ற வரைக்கும் நாம செய்ய வேண்டியது மூணு. ஒண்ணு, ஒவ்வொரு சி ஃபங்ஷனுக்கும் ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் இரண்டையும் எழுதுங்க, பக்கத்திலேயே ஹெடரில் உள்ள வரியை கமென்ட்டா போடுங்க. இரண்டு, ஸ்ட்ரக்சர் இருந்தா இரண்டு மொழியிலும் சைஸ்ஆஃப் ப்ரின்ட் பண்ணி ஒரே எண் வருதான்னு பாருங்க. மூணு, விடை தெரிஞ்ச உள்ளீட்டைக் கொடுங்க. பூஜ்யத்தைக் கொடுக்காதீங்க, மூணு ஆக்சிஸுக்கும் வேற வேற எண், அதில் ஒண்ணாவது நெகட்டிவ். எல்லாம் சேர்த்தா அரை மணி நேர வேலை.

ரிவ்யூ பேனலில் உட்கார்ற சார், மேடம் எல்லாருக்கும் ஒரு ரிக்வெஸ்ட். "அவுட்புட் காட்டு"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி "ஹெடர் காட்டு"ன்னு கேளுங்க. அவங்க கேட்கலைன்னா, பக்கத்து டீமில் இருக்கிற நீங்க கேளுங்க.