நண்பர் கல்யாணத்துக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு

"நம்ம ஆள்தானே, நல்ல கேமரா வேற வெச்சிருக்காரு, அவரையே எடுக்கச் சொல்லிடலாம்." நம் வீட்டு விசேஷங்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. கேட்கப்படுகிறவரும் பெருமையோடு தலையாட்டிவிடுவார். அப்படித் தலையாட்டுவதற்கு முன் இரண்டு நாளாவது யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. காசு வாங்காமல் செய்வதால் அது சின்ன வேலை ஆகிவிடாது. தாலி கட்டுவது ஒரு முறைதான். "சார், இன்னொரு தடவை கையை அப்படியே வையுங்க" என்று கேட்கும் போட்டோகிராபர்களும் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

இதை இப்போது எழுதக் காரணம், வரும் ஜனவரியில் இலங்கையில், பெந்தோட்டைக் கடற்கரையில் நடக்கவிருக்கும் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என் நாற்பது வருட நண்பர். வயது 66. மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. மணப்பெண் கொழும்பில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் துணையை இழந்தவர். அவருடைய பிள்ளைகள் கனடாவிலிருந்து வருகிறார்கள், நண்பரின் மகள் சென்னையிலிருந்து. மொத்தமே 25 பேர்.

அங்கேயே தொழில்முறை போட்டோகிராபர் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொன்னேன். நண்பர் சொன்ன பதில் இது: "இந்த வயசுல யாரோ ஒரு பையன் வந்து, 'சார் இன்னும் கிட்ட வாங்க, மேடம் தோள்ல கை போடுங்க'ன்னு சொன்னா எங்க ரெண்டு பேருக்கும் கூசும்ப்பா. நீ எடுத்தா நாங்க பாட்டுக்கு இருப்போம்." அதற்கு மேல் எனக்கு வாய் எழவில்லை. மூன்று நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டேன்.

முதலாவது, அன்றைக்கு நான் விருந்தாளி இல்லை. யாரும் என்னை உட்கார வைத்துப் பழங்கதை பேசக் கூடாது. சாப்பாடு கடைசியில் போட்டால் போதும். இரண்டாவது, கல்யாணம் மாலை நாலரை மணிக்குத் தொடங்க வேண்டும். உச்சி வெயிலில் கடற்கரையில் எடுத்தால் கண்குழியில் நிழல் விழும். வயதான முகங்கள் இன்னும் பத்து வயது கூடித் தெரியும். முகூர்த்தம் பார்க்கப் போவதில்லை என்று அவர்கள் இருவரும் முடிவு செய்திருந்ததால் இதைக் கேட்க முடிந்தது. மூன்றாவது, தாலி கட்டும் அந்த அரை நிமிஷம் எல்லோரும் நாற்காலியில் இருக்க வேண்டும், செல்போன் மடியில் இருக்க வேண்டும். இதை நண்பரே முன்கூட்டி அறிவிப்பதாக ஏற்பாடு.

பெந்தோட்டை மேற்குப் பார்த்த கடற்கரை. சூரியன் கடலில் இறங்கும். ஜனவரியில் மாலை 6 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அஸ்தமனம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் நேர்க்குத்தாக விழுந்து, அரை மணிக்குள் இருட்டிவிடும். நம் சென்னைக் கடற்கரையோ கிழக்குப் பார்த்தது. அதனால் மாலை வேளைக்கான பயிற்சியை நான் பெசன்ட் நகரில் விடியற்காலையில் செய்துகொண்டிருக்கிறேன். தாழ்ந்த சூரியன், பின்னால் கடல், முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய என் வாக்கிங் நண்பர். ஒரே வித்தியாசம், இங்கே வெளிச்சம் ஏறிக்கொண்டே போகும். அங்கே இறங்கிக்கொண்டே வரும்.

பிரகாசமான மணலைப் பார்த்துக் கேமரா ஏமாந்துபோய்ப் படத்தைக் கறுப்பாக்கும். வெளிச்சத்தை நாமாகக் கூட்டி வைக்க வேண்டும். ஆனால் கூட்டினால் வெள்ளை வேட்டி மடிப்பே தெரியாமல் வெளுத்துப் போகும். சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டால் முகத்துக்கு மெல்லிய பிளாஷ் வேண்டும். இந்த மூன்றையும் சமாளிக்க ஒருவர் பத்து விடியற்காலைகளாவது மணலில் நிற்கத்தான் வேண்டும். புத்தகத்தில் படித்தால் வராது.

மற்றவை சில்லறை விஷயங்கள், ஆனால் காலை வாரிவிடக் கூடியவை. கடற்கரையில் லென்ஸ் மாற்றக் கூடாது. உப்புக் காற்றும் மணலும் உள்ளே போய்விடும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் பூத்துவிடும். பையை மூடியபடியே அரை மணி முன்னதாக வெளியே வைத்துவிட வேண்டும். உபரி பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும். கேமரா விலை உயர்ந்தது என்றால் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கப் பிரிவில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது; திரும்பி வரும்போது தீர்வை பற்றிய பேச்சு எழாது. எடுத்த படங்கள் இரண்டு இடங்களில் பத்திரமாகும் வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது.

இதெல்லாம் தொழில்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கைத்திறமையில் அவரோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்: யார் முகம் முக்கியம் என்பது. அப்பாவின் இந்த முடிவுக்குச் சம்மதிக்க நண்பரின் மகள் ஒரு வருடம் எடுத்துக்கொண்டாள். அவளும் கனடாப் பிள்ளைகளும் ஒரே படத்தில் தானாகச் சிரித்து நிற்கும் தருணம் வந்தால், அஸ்தமனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். சூரியன் மறுநாளும் அங்கேதான் இறங்கும்.

ஆகவே என் தயாரிப்பில் பாதி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்கள் எழுதுவது. யார் யாருக்கு என்ன உறவு, யாரை யார் பக்கத்தில் நிறுத்தலாம், யாருக்கு மணலில் நடக்க முடியாது, யாரை வெளிச்சம் போகும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்று நண்பரிடமும், போனில் மணப்பெண்ணிடமும் கேட்டு எழுதி வருகிறேன்.

கும்பகோணத்தில் நண்பரின் தாயார் இருக்கிறார். வயது 88. விமானம் ஏற முடியாது. மகனின் கல்யாணத்தை அவர் பார்க்கப் போவது என் படங்களில்தான். செல்போனில் ஆயிரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க அவர் விரல் ஒத்துழைக்காது. முப்பது படங்கள், கையில் பிடிக்கிற மாதிரி ஓர் ஆல்பம், அவ்வளவுதான் திட்டம்.

உங்களையும் யாராவது கேட்டால், கேமரா நல்லதா என்று பார்க்காதீர்கள். அன்றைய விருந்தையும் அரட்டையையும் விட்டுக்கொடுக்க மனம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை மொய்யாக வைத்துவிட்டு, நிம்மதியாக முன் வரிசையில் உட்காருங்கள். அதிலும் ஒரு தப்பும் இல்லை.