சுவர் ஓவியம் போதாது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. ஆனால், சிறப்பு வகுப்பறை என்றாலே சுவரெங்கும் கார்ட்டூன் தீட்டித் திறப்பு விழா நடத்துவதோடு கடமை முடிந்ததாக நினைக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு அந்தப் பளிச்சென்ற சுவரே தொந்தரவு. மினுக்கும் டியூப்லைட்டும் கரகரக்கும் மின்விசிறியும் அப்படித்தான்.

அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் 1972இல் மாநிலத் திட்டமாகத் தொடங்கிய, ஆட்டிசம் உள்ளோருக்கான ‘டீச்’ முறை காட்டும் வழி எளியது. தனிவேலைக்கு ஒரு மூலை, சேர்ந்து உட்கார ஒரு பாய், மனம் கலங்கினால் ஒதுங்க ஓர் இடம். அலமாரியை நகர்த்தியே எல்லை பிரித்துவிடலாம். இடப்பக்கக் கூடையிலுள்ள வேலையை முடித்து வலப்பக்கக் கூடையில் போட்டால், இன்னும் எவ்வளவு பாக்கி என்பது குழந்தைக்குப் பார்த்ததுமே புரியும். அடுத்து என்ன என்பதைப் பட அட்டைகள் சொல்லும். இதற்கெல்லாம் விழாப் பந்தல் செலவுகூட ஆகாது.

அறை மட்டும் பாடம் நடத்தாது. தமிழகத்தில் வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் நெடுங்காலமாகத் தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள். அவர்களைப் பணி நிரந்தரம் செய்வதை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.