குறை பிளானில் இல்லை

வீட்டில் நெட் இழுத்தடித்தால் நாம் செய்கிற முதல் காரியம் பெரிய பிளானுக்கு மாறுவது. 40 எம்பிபிஎஸ் போதவில்லையா, 100 போடு. அதுவும் திக்குகிறதா, 300 போடு. மாதா மாதம் பணம்தான் கூடுதலாகப் போகிறது. பின்னறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு முன்பு போலவே பாதியில் நின்று சுற்றிக்கொண்டிருக்கிறது. காசு ஏற ஏற வேகமும் ஏறும் என்கிற இந்த நம்பிக்கை தவறு. புகார் சொல்லப் போன் செய்தால், "பிளானை அப்கிரேட் பண்ணிக்கோங்க சார்" என்று எதையும் விசாரிக்காமலே பதில் வருகிறதே, அது தவறு மட்டுமல்ல, அநியாயம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். சாதாரண ஹெச்டி என்றால் 5 போதும். ஒரு வீடியோ மீட்டிங் 4-க்குள் அடங்கிவிடும். ஹாலில் 4கே படம், ஓர் அறையில் ஆபீஸ் மீட்டிங், இன்னோர் அறையில் வகுப்பு என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 25-ஐத் தாண்டாது. அப்படியிருக்க 100 எம்பிபிஎஸ் வாங்கியவர் வீட்டில் ஏன் திக்குகிறது?

நாம் காசு கொடுப்பது தெருவிலிருந்து வைஃபை பெட்டி, அதாவது ரூட்டர், வரை வருகிற வேகத்துக்கு. பெட்டியிலிருந்து கைபேசி வரையிலான கடைசிப் பத்து மீட்டர் எந்தப் பிளானிலும் சேர்த்தியில்லை. பெரும்பாலான வீடுகளில் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

கனெக்‌ஷன் கொடுக்க வருகிற தம்பி என்ன செய்கிறார்? வாசல் பக்கம் ஜன்னல் ஓரமாக ஒரு துளை போடுகிறார். கேபிள் உள்ளே எட்டிப் பார்க்கிற இடத்திலேயே, டிவிக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துப் பெட்டியை மாட்டிவிடுகிறார். அங்கேயே நின்று போனில் வேகத்தை அளந்து காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அந்தப் பெட்டியின் அலை பின்னறைக்குப் போவதற்குள் டிவியின் உலோகத் தகடு, இரண்டு செங்கல் சுவர், சமையலறை ஃபிரிட்ஜ், போதாததற்குக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ என எல்லாவற்றையும் கடக்க வேண்டும். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், சுவர் உறிஞ்சும். மாடியில் அறை இருந்தால் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வேறு. பெட்டியின் அலையில் பாதி வாசல் வழியாகத் தெருவுக்குத்தான் போகிறது.

இன்னொன்று, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. சுவரை ஓரளவு தாண்டுவதால் தூரத்தில் இருக்கும் போன்கள் பெரும்பாலும் இதில்தான் ஒட்டிக்கொள்கின்றன. வைஃபை 4 தரத்தில், ஒரே ஆன்டெனா உள்ள மலிவு போன் வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் எட்டக்கூடிய உச்சமே ஏட்டளவில் 72 எம்பிபிஎஸ்தான். உண்மையில் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறையும். இந்த போனுக்காக 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்குவது வீண் செலவு. அதோடு, இந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் அத்தனை வீட்டுப் பெட்டிகளும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன. ஒன்று பேசும்போது மற்றது காத்திருந்தே ஆக வேண்டும். எதிர்வீட்டுக்காரரும் நீங்களும் போட்டி போட்டுப் பிளானை உயர்த்தினாலும் அந்தக் காத்திருப்பு குறையாது.

வைஃபையின் இன்னோர் அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018-இல் இந்திய அரசு அதில் மேலும் பல அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆனால் அது சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆகவே பெட்டி வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். கூடுதலாகச் சில மீட்டர் கேபிள் இழுத்தால் முடிகிற வேலை இது. நகராத டிவியையும் மேசைக் கம்ப்யூட்டரையும் லேன் கேபிளில் மாட்டிவிட்டால் போன்களுக்கு இடம் கிடைக்கும்.

எல்லாரும் வாங்குகிற மலிவு ரிப்பீட்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பெட்டியிடம் கேட்பதற்கும் போனிடம் சொல்வதற்கும் அது ஒரே ரேடியோவைப் பயன்படுத்துவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பின்னறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ரூட்டரை ஆக்ஸஸ் பாயின்ட்டாக வைப்பதே உருப்படியான வழி. பழைய ரூட்டர் என்றால் அதன் போர்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் வழியாக 300 ஒருநாளும் வராது. 95 வந்தாலே பெரிது.

பெரிய பிளான் யாருக்குமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வீடியோ எடிட் செய்து பெரிய ஃபைல்களைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு அது வேண்டும்தான். மற்றவர்கள் மாற்றுவதற்கு முன் லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாகப் பெட்டியோடு இணைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கே சொன்ன வேகம் வந்தால் பிளானுக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போர்ட்டும் கேபிளும் சரியாக இருந்தும் வராவிட்டால் லைனில் கோளாறு. அதைக் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டியது கம்பெனியின் பொறுப்பு.

புதிதாகக் கனெக்‌ஷன் வாங்குகிறவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காட்டுகிற அளவை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். "பின்னறைக்கு வாங்க தம்பி, கதவைச் சாத்திக்கிட்டு அங்கே அளந்து காட்டுங்க" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு ஆணி அடிக்கட்டும்.