களஞ்சியம் இரண்டானால்

சென்ற தவணை இறுதியில் எம் மாணவனொருவன் தன் மடிக்கணினியுடன் ஆசிரியர் அறைக்கு வந்தான். செயற்றிட்ட அறிக்கையை ஒப்படைக்க இரண்டு நாளே எஞ்சியிருந்தன. திரையோ இருண்டு கிடந்தது. "ஒரேயொரு புதிய மென்பொருளைத்தான் சேர் நிறுவ நினைச்சனான்" என்றான். அவன் சொன்னது பொய்யன்று.

அக்கணினியில் இயங்குவது டெபியன் லினக்ஸ். 1993ஆம் ஆண்டில் இயன் மர்டொக் தொடங்கிய இவ்வமைப்பில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பெற்று, இணையக் களஞ்சியங்களில் வைக்கப்பட்டிருக்கும். அவற்றை எடுத்து நிறுவுவது 'ஆப்ட்' என்னும் கருவி. நிலையான பதிப்புக்கு ஒரு களஞ்சியம். சோதனைப் பதிப்புக்குப் பிறிதொன்று. மாணவன் இரண்டாவதையும் பட்டியலிற் சேர்த்தபின், வழமைபோல அனைத்தையும் புதுப்பிக்குமாறு பணித்துவிட்டான்.

நாம் வேறொன்றும் விதிக்காவிடின், ஆப்ட் இவ்விரு களஞ்சியங்களுக்கும் 500 என்னும் ஒரே முன்னுரிமை எண்ணையே வழங்கும். எண் ஒத்தவிடத்துப் புதிய பதிப்பே வெல்லும். ஆகவே ஒன்றை விரும்பியவனுக்கு நூற்றுக்கணக்கானவை வந்து குவிந்தன. இடைநடுவில் இணைய இணைப்பும் அறுந்தது.

இதற்குப் பரிகாரம் மூன்றே வரிகள். 'பிரிபரன்சஸ்' என்னும் கோப்பில் எப்பொதிகள், எக்களஞ்சியம், என்ன எண் என்று எழுதிவைத்தல் வேண்டும். சோதனைக் களஞ்சியத்துக்கு 100 என இட்டால், நிலையானதில் உள்ள பொதியை அது தள்ளிவிடாது. நாமாக அங்கிருந்து கேட்டு நிறுவியது மட்டும் அங்கிருந்தே புதுப்பிக்கப்படும். எதிரெண் இட்டால் அக்களஞ்சியத்துப் பொதி நுழையவே மாட்டாது. 1000 அல்லது அதற்கு மேலெனின், நிறுவியிருப்பதைப் பழைய பதிப்புக்கு இறக்கியேனும் அதனையே நிறுவும். மாணவர் இதனை விளையாட்டாகத் தொடாதிருப்பது நன்று.

எண்ணால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் எண்ணற்க. புதிய பொதி தனக்குத் துணையாகப் புதிய அடிப்படை நூலகங்களை வேண்டுமாயின், அவையும் உடன்வந்தே தீரும். அதனாலேயே நிலையான பதிப்புக்கென மீளத் தொகுத்த பொதிகளை 'பக்போர்ட்ஸ்' என்னுங் களஞ்சியத்தில் டெபியன் வைத்திருக்கிறது. அதற்கு 100 என்னும் எண் தானாகவே அமையும். அவன் தேடிய மென்பொருள் அங்கேயே இருந்தது என்பதுதான் எமக்கு வருத்தம்!

நல்ல காலம், கோப்புகள் அழியவில்லை. அவற்றை வேறொரு கணினிக்குப் பெயர்த்து, எம் மேசையிலிருந்தே அறிக்கையை முடித்தான். விடுமுறையில் டெபியனை மீள நிறுவினான். இப்பொழுது புதுப்பிக்குமுன் 'ஆப்ட் பொலிசி' எனக் கேட்டு, எக்களஞ்சியத்துக்கு எவ்வெண் என்று பார்த்துக்கொள்கிறானாம்.